கீசரில் பழுப்புத் தண்ணீர்: புதுசு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஏழெட்டு வருஷம் ஓடிய கீசரிலிருந்து வெந்நீர் டீ நிறத்தில் வந்தால், பெரும்பாலும் காதில் விழும் முதல் தீர்ப்பு "டேங்க் போச்சு, மாத்திடுங்க" என்பதுதான். டேங்க் போயிருக்கலாம். ஆனால் சுவருக்குள் கிடக்கும் நாலு அங்குல ஜி.ஐ. நிப்பிளோ (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்த்துண்டு), டேங்குக்குள் கரைந்து தீர்ந்த ஒரு மெக்னீசியம் கம்பியோ காரணமாக இருப்பதும் அதே அளவுக்கு சகஜம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு காலைப்பொழுது போதும்.

முதலில் கீசரைத் தொடவே வேண்டாம். ராத்திரி முழுக்க வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் நாலு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடியுங்கள். ஒன்று மாடித் தொட்டியிலிருந்து நேராக, இரண்டாவது குளியலறைப் பச்சைத்தண்ணீர்க் குழாயில், மூன்றாவது வெந்நீர்க் குழாயில் வரும் முதல் தண்ணீர், நாலாவது ஒரு வாளி வெந்நீர் போனபிறகு. வெள்ளைத் தாளை பின்னால் பிடித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் அப்படியே வைத்து மறுபடி பாருங்கள்.

முதல் இரண்டு டம்ளரே கலங்கல் என்றால் கீசர்மேல் குற்றமில்லை; தொட்டியைக் கழுவி எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்திருந்தால் பழுப்பாகிறதா? அது போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு. காற்றுப் பட்டால் மெதுவாகவும் சூடு பட்டால் வேகமாகவும் துருவாக மாறும். அதனால்தான் வெந்நீர் மட்டும் நிறம் மாறி, பழி கீசருக்குப் போகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே வாளியிலும் டைல்ஸிலும் கறை பிடிக்கும். இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு கீசரைக் கழுவினாலும் கொஞ்ச நாளில் பழைய கதைதான். தொட்டிக்கு முன்னால் இரும்பு நீக்கும் ஃபில்டர் வைப்பதுதான் வழி. இடையில், கறைபட்ட வெள்ளைத் துணிக்கு ப்ளீச்சிங் போடாதீர்கள். இரும்புக் கறை அதில் இன்னும் இறுகும். எலுமிச்சைச் சாறு போதும்.

மூன்றாவது டம்ளர் மட்டும் பழுப்பு, அரை வாளிக்குள் தெளிந்துவிடுகிறது என்றால் குழாய்ப்பாதையைச் சந்தேகியுங்கள். பித்தளை வால்வோடு நேரடியாக முறுக்கிய ஜி.ஐ. நிப்பிள் உள்ளுக்குள் அரித்துப்போகும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். பித்தளை நிப்பிளாக மாற்றி, லைன் முழுக்க பழைய ஜி.ஐ. என்றால் சி.பி.வி.சி. போடுங்கள். சாதாரண பி.வி.சி. வெந்நீருக்கு ஆகாது.

நாலாவது டம்ளரும் பழுப்பு, டேங்கின் கொள்ளளவு வடியும்வரை நிறம் குறையவில்லை என்றால்தான் பிரச்சினை டேங்குக்குள்.

மற்ற நிறங்களையும் சொல்லிவிடலாம். கறுப்புத் துகள் விரலில் மை போல ஈஷினால், கீசரோடு குழாயை இணைக்கும் டியூபின் உள் ரப்பரோ வாஷரோ கரைகிறது; இது மலிவான வேலை. துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. வெள்ளையாக நறநறத்தால் சுண்ணாம்பு உப்பு. பால் போல வந்து அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி. நீலப்பச்சைக் கறை என்றால் செம்பு அரிக்கிறது. நிறமில்லாமல் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், மெக்னீசியம் கம்பியும் தண்ணீரிலுள்ள பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை. அலுமினியம்-துத்தநாகக் கம்பிக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கும்.

இனி அந்தக் கம்பி. கண்ணாடிப் பூச்சு போட்ட இரும்பு டேங்கில், பூச்சின் ஊசித்துளைகள் வழியாகத் தண்ணீர் இரும்பைத் தொடத்தான் செய்யும். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே உள்ளே வைத்திருக்கும் தியாகக் கம்பிதான் ஆனோடு ராடு. அது தீர்ந்த நாளிலிருந்து டேங்க் கரையத் தொடங்கும். உப்புத் தண்ணீர் ஊர்களில் வருஷத்துக்கு ஒருமுறையும், மற்ற இடங்களில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் கழற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் போட்ட வீட்டில் உப்புப் படிவு குறையும். ஆனால் கம்பி இன்னும் வேகமாகக் கரையும். பலர் இதை எதிர்பார்ப்பதில்லை.

திறப்பதற்கு முன்: வாரண்டி இருந்தால் நிறுவன ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் கீசரைத் தொடாதீர்கள். சுவரில் நிமிர்ந்து தொங்கும் 15, 25 லிட்டர் மின் கீசருக்கே கீழ்க்கண்ட முறை. மின்வேலை கைவராதவர் டெக்னீஷியனை வைத்துச் செய்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

மின்பெட்டியில் கீசருக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, பிளக்கையும் பிடுங்குங்கள். சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. உள்ளே இருக்கும் தண்ணீர் நன்றாக ஆறும்வரை விடுங்கள். உள்ளே வரும் லைனை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள்; காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். நீல வளையம் போட்ட பக்கத்தில் சேஃப்டி வால்வைக் கழற்றுங்கள். அதற்குள் தண்ணீரைத் திரும்பவிடாத தடுப்பு இருப்பதால், கழற்றாமல் டேங்க் வடியாது. சிவப்புப் பக்கம் திறந்து பயனில்லை. அந்தக் குழாய் டேங்கின் உச்சிவரை போகிறது.

வடிந்தபின் அடி மூடியைக் கழற்றி, ஒயர் இணைப்புகளை போட்டோ எடுத்துக்கொண்டு, தெர்மோஸ்டாட்டை உருவி, சூடேற்றும் காயிலும் ஆனோடு கம்பியும் பொருத்திய ஃபிளேஞ்ச் தட்டின் நட்டுகளைத் தளர்த்துங்கள். கீழே வாளி இருக்கட்டும். சேறும் உப்புக்கட்டியும் அப்போதுதான் கொட்டும். கம்பி பாதிக்குமேல் கரைந்திருந்தாலோ நடுவிலுள்ள இரும்புக்கம்பி தெரிந்தாலோ புதிது போடுங்கள். நீளமும் மரையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

காயிலில் உப்பு இறுகியிருந்தால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, ஒயர் மாட்டும் முனைகள் நனையாமல், ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். உப்போடு காயில் உறையையும் அரிக்கும். உறையில் வெடிப்பு தெரிந்தாலோ, கீசர் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தாலோ காயிலை மாற்றியாக வேண்டும். கசியும் மின்சாரம் தண்ணீர் வழியாகக் கைக்கு வரும்.

டார்ச் அடித்து டேங்கின் உள்ளே பாருங்கள். அங்கங்கே செம்புள்ளி என்றால் புதுக் கம்பியோடு இன்னும் ஓடும். பூச்சு உரிந்து துரு செதிலாக வந்தாலோ, வெல்டிங் ஓரம் கசிந்தாலோ, அப்போது டேங்க் உண்மையிலேயே போய்விட்டது. வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பூச்சும் தெறித்துவிடும்.

மூன்று முறை தண்ணீர் விட்டு அலசுங்கள். ஃபிளேஞ்சுக்கு அடியில் வரும் ரப்பர் வளையமான கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும். பழையது மறுபடி சரியாக உட்காராது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எர்த் ஒயர் மறக்க வேண்டாம். லைனைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று தும்மல் நின்று தண்ணீர் சீராக வந்தபின், பத்து நிமிஷம் கசிவு பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். டேங்க் நிறையாமல் போட்டால் காயில் சில நிமிஷத்தில் கருகும்.

முதல் இரண்டு மூன்று நாள் லேசான நிறம் இருக்கும். ஒரு வாரம் கழித்து நாலு டம்ளர் சோதனையை மறுபடி செய்யுங்கள். நாலாவது அப்போதும் பழுப்பு என்றால் கடைக்குப் போகலாம்.