கார் ஃப்ரிட்ஜ் மொத்தமாக வாங்கும் முன்

விலைப்பட்டியலைத் தள்ளி வையுங்கள், முதலில் உள்ளே இருப்பது வீட்டு ஃப்ரிட்ஜில் உள்ளது போன்ற கம்ப்ரஸரா, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சிறு தகடான பெல்டியரா என்று கேளுங்கள். பெல்டியர் வகை வெளி வெப்பத்தைவிடச் சுமார் 15 முதல் 20 டிகிரி வரைதான் குறைக்கும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது போதாது, ஐஸ் கட்டவும் கட்டாது.

அப்புறம் சாம்பிள். இரண்டு மூன்றாவது வாங்கி நீங்களே ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, நடுவில் தெர்மாமீட்டர் வைத்து, வெக்கையான அறையில் 12 வோல்ட் பேட்டரியில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, பேட்டரி இறங்கும்போது தானாக நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் அது நிற்காவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் திட்டு வாங்கப்போவது உங்களிடம் வாங்கிய கடைக்காரர்தான். லாரிக்காரர்களுக்கு விற்பதென்றால் 24 வோல்ட்டிலும் ஓட வேண்டும். மூடியின் ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியாகப் போய்விடும்.

லித்தியம் பேட்டரி உள்ள மாடலா? லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்பாக அனுப்பலாம் என்று காட்டும் யுஎன் 38.3 சோதனை அறிக்கை இல்லாமல் ஆர்டர் போடாதீர்கள், சரக்கு நடுவழியில் நின்றுவிடும்.

வாரண்டி எத்தனை வருடம் என்பதைவிட, கன்ட்ரோல் போர்டும் ஃபேனும் உதிரியாகத் தருவார்களா என்பதுதான் எனக்கு முக்கியம். அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.