ஒரு சொல்லைக் கேள்வியால் திறப்பது

பாலக்காட்டுச் சித்தூரில் தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே சொல் பக்கத்து வீட்டில் வேறு பொருளில் புழங்கும். ‘சம்சாரம்’ என்றால் தமிழில் மனைவி, குடும்பம்; மலையாளத்தில் பேச்சு. ‘அவசரம்’ நமக்கு வேகம், மலையாளத்தில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை.

இப்படிப்பட்ட சொற்கள் பேச்சில் எப்படிப் புழங்குகின்றன என்று மக்களிடம் கேட்டுப் பதிவு செய்ய, முதலில் ஒரே ஒரு சொல்லை எடுங்கள். “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று மட்டும் கேட்காதீர்கள், உடனே பள்ளிக்கூடப் பதில்தான் வரும். “கடைசியா இதை எப்போ, யார்கிட்ட சொன்னீங்க?” என்று கேளுங்கள். சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, ஊர், வயது, தேதி சேருங்கள். திருத்தி எழுதினால் பேச்சின் வாசனையே போய்விடும்.

அடுத்தது யாருக்கு இந்தச் சொல் பொருந்தாது என்ற கேள்வி. இங்கேதான் நிதானம் வேண்டும். “என் சம்சாரம் ஊருக்குப் போயிருக்கு” என்று கணவர் சொல்வார். மனைவி தன் கணவரைச் சம்சாரம் என்பாரா? மாட்டார். ஏன் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வீடு யார் பொறுப்பு, வெளியே யார் பெயர் சொல்லப்படுகிறது என்று பேச்சு தானாக விரியும். பாட்டியிடமும் பேத்தியிடமும் தனித்தனியே கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் இளையவர் பெரியவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்.

அகராதியைக் கடைசியில் திறங்கள். முன்பே பார்த்தால் அதில் இருப்பதைத்தான் காது தேடும். சம்சாரத்துக்குப் பிறவிச் சுழல் என்ற பழம்பொருளும் அங்கே இருக்கும். அது எப்படி மனைவியானது என்பது அடுத்த கேள்வி.