ஆடியில் எடுத்து ஆவணியில் விற்பது: பழைய பட்டுப்புடவை வியாபாரம், முதல் தடவை செய்பவர்களுக்கு

எங்கள் தெருவில் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் பத்துப் பட்டுப்புடவையாவது இருக்கும். அதில் பாதி, கட்டிய கல்யாணத்தோடு சரி, அப்புறம் வெளிச்சமே பார்த்திருக்காது. அதை எடுத்து, சரி பார்த்து, பாலிஷ் போட்டு, தேவைப்படுகிறவர்களிடம் சேர்ப்பதுதான் நான் நான்கு வருஷமாகச் செய்வது. இருப்பது சென்னை, விற்பது பெரும்பாலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும். எப்படி ஆரம்பிப்பது என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்பதால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

படி 1: முதலில் தையல்காரரின் நாட்காட்டி

எல்லாரும் முகூர்த்த நாளைப் பார்த்து விற்க நினைக்கிறார்கள். அது தப்பு. புதுப்புடவை என்றால் ரவிக்கைத் துணி கூடவே வரும். நம் புடவையில் அந்தத் துணி ஏற்கெனவே தைத்து வேறு யாரோ போட்டுக் கழித்தது, வாங்குகிறவருக்குப் பொருந்தாது. அவர் மேட்சிங் துணி தேடி, தையல்காரரிடம் கொடுத்து, சீசன் நேரத்தில் மூன்று வாரம் காத்திருந்து வாங்க வேண்டும். அதனால் பழைய புடவை விற்கும் நேரம் முகூர்த்தத்துக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு. தை மாதக் கல்யாணத்துக்கான புடவை கார்த்திகைக் கடைசியிலேயே போயாக வேண்டும், மார்கழி பாதியில் போட்டால் "அழகா இருக்கு அக்கா" என்று இதயம் மட்டும் வரும், பணம் வராது.

என் வருஷம் ஓடுவது இப்படி. ஆடியில் கல்யாணம் கிடையாது, கடைகளில் தள்ளுபடி வேறு, யாருக்கும் பழைய புடவை மேல் கண் போகாது. அதனால் விலை படியும், நான் வாங்குவது அப்போதுதான். ஆடிக் கடைசி வாரத்திலிருந்து ஆவணிக் கல்யாணத்துக்கு விற்பனை. கூடவே ஓணம் வரும். கல்லூரிப் பெண்களும் ஆபீஸ் பெண்களும் ஒரே ஒரு நாளுக்கு கேரளா செட் புடவை தேடுவார்கள், ஒரு நாளுக்காகப் புதுசு வாங்க மனசு வராதவர்கள் நம்மிடம் வருவார்கள். ஆனால் ஓணம் முடிந்த மறுநாள் அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை, எனவே ஐந்தாறுக்கு மேல் எடுக்காதீர்கள். நவராத்திரிக்கு ஆபீஸ்களில் நாளுக்கு ஒரு நிறம் என்று பட்டியல் சுற்றுகிறது இல்லையா, அந்த ஒன்பது நாளுக்கும் லேசான, விலை குறைந்த புடவைகள் போகும். தீபாவளி எனக்கு மந்தம்தான். பண்டிகைக்குப் புதுத்துணி என்பது நம் ஊரில் கல்வெட்டு மாதிரி, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மார்கழி தனி ரகம். சபாக்களில் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் கனமான, பழைய பாணிக் காஞ்சிபுரம் தேடுவார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியால் பெயர் பெற்ற எம்.எஸ். ப்ளூ, அரக்கு, மயில் கழுத்து நிறங்கள், பாலும் பழமும் என்னும் சின்னக் கட்டம், வைர ஊசி என்னும் மெல்லிய கோடு, தாழம்பூ ரேக்கு என்னும் கூர்முனை பார்டர். இவர்களுக்குப் பழசு என்பது குறையே இல்லை, "அந்தக் காலத்து நெசவு" என்று இரண்டாயிரம் கூடுதலாகவே கொடுப்பார்கள். இவற்றை நவம்பர் முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

பங்குனி தாண்டினால் வெயில். சுங்குடி, செட்டிநாடு, நெகமம் காட்டன் எல்லாம் ஓடும். ஆனால் பழைய காட்டனில் லாபம் ஐம்பது, நூறு ரூபாய்தான், கூரியருக்கே சரியாகிவிடும். ஆள் பிடிக்க மட்டும் உதவும்.

படி 2: எந்த நிறம், எந்த மாடல்

டிரெண்டைப் பிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பெரிய ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடியில் ஒரு நடை போய், எந்த நிறம் மலை மாதிரி குவிந்திருக்கிறது என்று பாருங்கள். குவிந்திருப்பது மவுசு குறைந்துவரும் மோஸ்தர். பொம்மைக்குக் கட்டி முன்னால் நிறுத்தியிருப்பது வரும் மோஸ்தர். அப்புறம், பழக்கமான தையல்காரரிடம் "இப்ப என்ன மாதிரி ப்ளவுஸ் கேக்கறாங்க" என்று விசாரியுங்கள். கையில் எம்பிராய்டரி கனமாகக் கேட்கிறார்கள் என்றால் எளிமையான புடவை விற்கும், ரவிக்கை சாதாரணமாக இருந்தால் பெரிய பார்டர் புடவை விற்கும். இது எனக்கு இதுவரை அதிகம் பொய்த்ததில்லை.

புது மோஸ்தரைத் துரத்திப் பழைய புடவை வாங்காதீர்கள். இந்த வருஷம் எல்லாரும் கேட்பது யார் பீரோவிலிருந்தும் இந்த வருஷம் வெளியே வராது. நமக்குக் கிடைப்பது ஐந்து வருஷம் முந்தியதும் இருபத்தைந்து வருஷம் முந்தியதும். நடுவில் இருப்பது கிடைத்தாலும் விற்காது. ஐந்து வருஷப் புடவையை "புதுசு மாதிரி" என்று விற்கலாம், இருபத்தைந்து வருஷப் புடவையை "பாட்டி புடவை" என்று விற்கலாம், பத்து வருஷப் புடவையை என்ன சொல்லி விற்பது?

படி 3: எங்கே வாங்குவது

முதல் பத்துப் புடவை உங்கள் வீடு, அக்கா வீடு, பக்கத்து வீடு. பணம் கொடுத்து வாங்க வேண்டாம், விற்றதும் இத்தனை என்று பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு. வீடு மாற்றுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள்தான் நல்ல சரக்கு தருவார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் துணி கிடைக்கும், ஆனால் அங்கே போவதற்கு முன் கண் பழக வேண்டும், ஆறு மாதமாவது பொறுங்கள்.

படம் மட்டும் பார்த்து மொத்தமாக எடுக்காதீர்கள். முதல் வருஷம் நான் அப்படித்தான் ஆறு வெளிர்நிறப் பட்டை ஒன்பதாயிரத்துக்கு எடுத்தேன். படத்தில் தேவதை மாதிரி இருந்தன. வந்து பிரித்தால் நான்கு புடவையில் முந்தி மடிப்பு இற்றுப்போயிருந்தது.

துக்க வீட்டிலிருந்து வரும் புடவைகளை நான் எடுப்பதில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம், வாங்குகிறவர் "யாரோடது?" என்று கட்டாயம் கேட்பார். பொய் சொல்ல வேண்டிவரும் பொருளை ஏன் வாங்க வேண்டும்?

படி 4: சரி பார்ப்பது

இதில் அவசரமே கூடாது. பகலில், ஜன்னல் பக்கத்தில், தரையில் பழைய வேட்டியை விரித்து அதன் மேல் புடவையை முழுசாகப் பிரியுங்கள். மடித்தபடி காட்டினால் வாங்காதீர்கள்.

போன மாதம் நாலு வீடு தள்ளி இருக்கும் மாமி ஒரு மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர் எடுத்து வந்தார். "ரெண்டே தடவைதாண்டி கட்டினேன், அப்படியே வெச்சுட்டேன்" என்றார். அந்த "அப்படியே வெச்சுட்டேன்"தான் பயம். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் பட்டு அந்தக் கோட்டில்தான் முறியும். மடிப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து, காகிதத்தைச் சோதிப்பது போல மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தேன். புடவையின் உடல் பகுதியில் ஒன்றும் ஆகவில்லை. முந்தியில், ஜரிகை அடர்ந்த இடத்தில், மெல்லிசாக 'சர்' என்று ஒரு சத்தம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கோடு முழுக்க ஊசித் துளைகளாக வெயில் தெரிந்தது. மாமியையே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். "அடப்பாவமே, வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தி மடிச்சிருக்கலாமே" என்று அவரே சொல்லிவிட்டார். வாங்கவில்லை.

அடுத்து பார்டர். கோர்வைப் புடவையில் உடலும் பார்டரும் தனித்தனி ஊடை (குறுக்கிழை) கொண்டு கோத்து நெய்தவை, அந்தச் சேர்ப்பு பிரிந்திருக்கிறதா என்று நீளம் முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் இடுப்பில் செருகும் இடம், குதிகால் படும் ஓரம், பின் குத்திய தோள்பகுதி. பாச்சை உருண்டை நாற்றம் இருந்தால் ஜரிகை கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத்துணியால் ஓரத்தில் ஒற்றிச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பட்டா இல்லையா என்று தெரிய, ஓரத்திலிருந்து பாவிழை (நீளவாக்கில் ஓடும் இழை) ஒன்று, ஊடையிழை ஒன்று உருவிக் கொளுத்துங்கள். பட்டு தலைமுடி கருகும் வாசனை அடித்து, சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இரண்டு இழையையும் சோதிக்கச் சொல்வது காரணமாகத்தான், பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் இருக்கும் புடவை நிறைய. மத்திய பட்டு வாரியம் 2004-ல் தொடங்கிய சில்க் மார்க் அட்டை பத்திரமாக இருந்தால் நல்லது. ஆனால் அதற்கும் முந்தைய புடவையில் அட்டையை எதிர்பார்க்க முடியாது.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. பிசிர் ஒன்றை நகத்தால் சுரண்டினால் வெள்ளை தெரிந்து உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருந்தால் நல்ல அறிகுறி. செம்பு நிறம் தெரிந்தால் சாதா ஜரிகை, பிளாஸ்டிக் மாதிரி உரிந்தால் கேட்கவே வேண்டாம். இது வெறும் அறிகுறிதான். ஜரிகை சோதிக்கும் கருவியில் வைத்துப் பார்க்காமல் "அசல் ஜரிகை" என்று எழுதாதீர்கள். "ஜரிகை சோதிக்கவில்லை" என்று எழுதினாலும் விற்கிறது, நான் விற்கிறேன்.

படி 5: சுத்தம்

வீட்டில் துவைக்க வேண்டாம். ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டு, டிரை வாஷுக்கும் பாலிஷுக்கும் கொடுங்கள். புதுக்கடை என்றால் முதலில் விலை குறைந்த புடவை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கடைக்காரர் இஸ்திரிச் சூட்டில் என் புடவையின் பாதி பார்டரைச் சுருக்கித் திருப்பிக் கொடுத்தார். கேட்டால், வரும்போதே அப்படித்தான் இருந்ததாம்.

படி 6: விலை

கடை விலையில் பாதி என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த விலைக்கு மக்கள் தள்ளுபடியில் புதுசு வாங்கிவிடுவார்கள். என் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். பில் 14,000 காட்டிய புடவை, மூன்று தடவை கட்டியது. வாங்கியது 3,200. பாலிஷ் 350. ஃபால்ஸ் மாற்றியது 150. கூரியர் 130. விற்றது 5,200. மிச்சம் 1,370. இதே புடவையை மாசியில் போட்டபோது 4,000-க்குக் கூட யாரும் கேட்கவில்லை, ஆடிக் கடைசியில் திரும்பப் போட்டேன், இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது.

படி 7: படம், பணம், பார்சல்

ஃபில்டர் போடாதீர்கள். நிறம் மாறினால் திரும்பி வரும். முழுப்படம், முந்தி, பார்டர் நெருக்கமாக, அப்புறம் குறை இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஒரு படம். நீளத்தை அளந்து எழுதுங்கள். ரவிக்கைத் துணி வெட்டிய புடவை ஐந்தரை மீட்டர் இருக்கும், ஓரம் இற்று அதையும் வெட்டியிருந்தால் உயரமானவர்களுக்குக் கொசுவம் போதாது.

பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். "அனுப்பிட்டேன் சிஸ்டர், சர்வர் ஸ்லோ" என்பவருக்குப் பார்சலும் ஸ்லோவாகவே போகட்டும். பார்சல் கட்டுவதற்கு முன் புடவையை முழுசாகப் பிரித்து வீடியோ எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்புங்கள். அவர் பிரிக்கும்போதும் வெட்டாத வீடியோ எடுத்தால்தான் புகாரை ஏற்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விற்காமல் தங்குவது எப்படியும் இருக்கும். இரண்டு சீசன் தாண்டியதை நான் வைத்திருப்பதில்லை. ஜரிகை நல்லதாக இருந்தால் பழைய பட்டுப்புடவை எடுக்கிற கடைக்குப் போகும், அவர்கள் ஜரிகையை வைத்து விலை சொல்வார்கள். முந்தி போய் உடல் மட்டும் நன்றாக இருப்பதைத் தையல்காரர் அக்கா பட்டுப்பாவாடையாக வெட்டித் தருகிறார். மூன்று வயது அளவுக்கு ஒரு புடவையில் இரண்டு வரும். இப்போதைக்கு எட்டுப் பாவாடை தயார், கிருஷ்ண ஜெயந்திக்கு முன்னால் போட வேண்டும்.