பாரிஸ்டர் ஆக வேண்டுமா? பியூப்பிலேஜிலிருந்து தொடங்குங்கள்

லண்டனில் பாரிஸ்டருக்கு, அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் ஆவதற்கு, படிக்கப்போகிறேன் என்று வரும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் விசாரிப்பது கல்லூரியையும் கட்டணத்தையும்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பியூப்பிலேஜுக்கு, அதாவது படிப்புக்குப் பிறகான தொழில் பயிற்சிக்கு, என்ன செய்யப்போகிறீர்கள்? அதற்குப் பதில் இல்லாமல், 15,000 பவுண்டை ஒட்டி ஆகும் பார் கோர்ஸ் என்ற பாரிஸ்டர் படிப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

நம் வீடுகளில் பாரிஸ்டர் என்றால் இன்னமும் காந்தி காலத்துக் கணக்குதான் ஓடுகிறது. அவர் இன்னர் டெம்பிள் என்ற பாரிஸ்டர் சங்கத்தில் சேர்ந்தார், தேர்வு எழுதினார், அங்கே சாப்பிட வேண்டிய விருந்துகளைச் சாப்பிட்டார், 1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டர் ஆகி, இரண்டே நாளில் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். இன்று பார் கோர்ஸை முடித்தால் பாரிஸ்டர் என்ற பெயர் கிடைக்கும், படம் எடுத்து வீட்டில் மாட்டலாம். ஆனால் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தொழில் செய்ய, ஒரு மூத்த பாரிஸ்டரின் கீழ் 12 மாதம் பியூப்பிலேஜ் முடித்தாக வேண்டும். முதல் ஆறு மாதம் கூடவே இருந்து பார்ப்பது, அடுத்த ஆறு மாதம் நீங்களே வழக்கு எடுத்துப் பேசுவது. ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் கோர்ஸில் சேருகிறார்கள், பியூப்பிலேஜ் இடங்களோ ஐந்நூறு, அறுநூறுதான். கோர்ஸ் முடித்து ஐந்து ஆண்டுக்குள் இடம் கிடைத்துத் தொடங்காவிட்டால் அந்தப் படிப்பும் காலாவதி. இந்தியாவுக்குத் திரும்பிவிடலாம் என்றால், 1976-க்குப் பிறகு பாரிஸ்டர் ஆனவர்கள் அந்தத் தகுதியை மட்டும் காட்டி அங்கே வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் கடனோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, காலக்கணக்குக்கு வருவோம். பியூப்பிலேஜ் கேட்வே என்ற பொது இணையதளத்தில் வழக்கமாக ஜனவரியில் விண்ணப்பம் தொடங்கி சில வாரங்களிலேயே முடியும், அதிகபட்சம் 20 சேம்பர்ஸுக்கு (பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகங்கள்) போடலாம், மே மாதம் முடிவு வரும். பெரும்பாலும் அந்த இடம் அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குத்தான். அதனால் சட்டப் படிப்பின் கடைசி ஆண்டு ஜனவரியிலேயே போட்டுவிட்டால், மே மாதம் இடம் கையில், செப்டம்பரில் கோர்ஸ், அடுத்த ஆண்டு பியூப்பிலேஜ் என்று கச்சிதமாகப் பொருந்திவிடும். வேறு பாடம் படித்தவர்கள் நடுவில் ஒரு வருடச் சட்ட மாற்றுப் படிப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டப்படிப்பில் குறைந்தபட்சத் தகுதி 2:2 (இரண்டாம் வகுப்பின் கீழ்ப் பிரிவு) என்றாலும் 2:1 (அதன் மேல் பிரிவு) இல்லாமல் கதவு திறப்பது மிகக் கடினம்.

பணத்துக்கு 'இன்' எனப்படும் பாரிஸ்டர் சங்கங்களைத்தான் நம்ப வேண்டும். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன், இந்த நான்கில் ஒன்றில் உறுப்பினராகாமல் பாரிஸ்டர் ஆக முடியாது. நான்குமே பார் கோர்ஸுக்கு நல்ல தொகை உதவித்தொகையாகத் தருகின்றன, ஆனால் ஒன்றுக்கு மட்டும்தான் விண்ணப்பிக்கலாம், கெடு கோர்ஸுக்கு முந்தைய ஆண்டு நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை. தீபாவளி சமயம் என்று நினைவில் வையுங்கள், நிறைய பேர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். காந்தி கால விருந்து இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது: இன் நடத்தும் 10 நிகழ்வுகளில் கலந்துகொள்ள வேண்டும், அவற்றில் சில விருந்தோடு சேர்ந்தவை.

அப்புறம் மினி பியூப்பிலேஜ். ஒரு பாரிஸ்டரோடு சில நாள் நிழல்போல் சுற்றுவது. குற்றவியல், குடும்பம், வணிகம் என்று வேறுவேறு சேம்பர்ஸில் இரண்டு மூன்றாவது செய்யுங்கள். அது கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம், பெரும்பாலான வழக்குகளை யாரும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். காலை ஒன்பதரைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய், எந்த அறையில் விசாரணை நடக்கிறது என்று அஷரிடம் (நீதிமன்ற ஊழியர்) கேட்டு உட்காருங்கள். குறுக்கு விசாரணையைக் கவனியுங்கள். நல்ல பாரிஸ்டர் "உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது அல்லவா?" என்று சாட்சியிடம் நேராகக் கேட்கமாட்டார். இரவு பதினொரு மணி. ஆம். மழை. ஆம். நீங்கள் சாலைக்கு அந்தப் பக்கம். ஆம். நடுவில் ஒரு பேருந்து நின்றது. ஆம். அத்தோடு உட்கார்ந்துவிடுவார். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். இதை நோட்டில் எழுதிப் பழகினால் நேர்காணலில் கை கொடுக்கும்.

விண்ணப்பத்தில் "எனக்கு வாதாடுவதில் மிகுந்த ஆர்வம்" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை, எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். ஃப்ரீ ரெப்ரசென்டேஷன் யூனிட் என்ற அமைப்பில் பயிற்சி எடுத்தால், மாணவராக இருக்கும்போதே இலவசமாகச் சிலருக்காக ட்ரிப்யூனலில் (தீர்ப்பாயம்) பேசலாம். அங்கே ஊனமுற்றோர் உதவித்தொகை நிறுத்தப்பட்ட ஒருவருக்காகப் போகிறீர்கள் என்று வையுங்கள். அரசு அறிக்கை அவரால் 200 மீட்டர் நடக்க முடியும் என்கிறது, பிசியோதெரபிஸ்ட் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் 20 மீட்டரில் வலி வந்து நிற்கிறார் என்று இருக்கிறது. அந்த வரியைக் கண்டுபிடித்து, அதை வைத்து எப்படிப் பேசினீர்கள் என்று நான்கு வாக்கியம் எழுதினாலே தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும்.

நேர்காணலில் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுத்து ஒரு ஜாமீன் மனுவையோ, தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வாதத்தையோ பேசச் சொல்வார்கள், நடுவே நீதிபதி மாதிரி இடைமறிப்பார்கள். அங்கே பார்ப்பது உங்கள் பேச்சுத்திறனை மட்டுமல்ல, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறீர்களா என்பதை. உங்கள் பக்கம் பலவீனமான இடத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு என்ன நிபந்தனை போடலாம் என்று சொன்னால் மதிப்பு கூடும். நம் பிள்ளைகள் பலர் பள்ளிப் பேச்சுப்போட்டியில் மனப்பாடம் செய்து பழகியவர்கள், இடைமறித்தால் தடுமாறிவிடுகிறார்கள். வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, பாதியில் வெட்டச் சொல்லிப் பழகுங்கள்.

வருமானம் துறைக்குத் துறை மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பியூப்பிலேஜுக்கு ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல் சேம்பர்ஸ் உங்களுக்குக் கட்டாயம் தர வேண்டும், பெரிய வணிகச் சேம்பர்ஸில் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. குற்றவியலில் முதல் சில ஆண்டுகள் இறுக்கமாகத்தான் போகும், ரயில் செலவு உங்களுடையது, அரசு சட்ட உதவிப் பணம் தாமதமாக வரும். பாரிஸ்டர்களில் ஐந்தில் நான்கு பேர் சுயதொழில்தான், விடுமுறைச் சம்பளம் கிடையாது, வரிப்பணத்தை முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். நிலையான சம்பளம் வேண்டுமென்றால் அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்தும் கிரவுன் ப்ராசிக்யூஷன் சர்வீஸிலும் அரசு சட்டத் துறையிலும் பியூப்பிலேஜ் உண்டு, அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

முதல் சுற்றில் கிடைக்காமல் போவது சாதாரணம், எனக்கு மூன்றாவது முறைதான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு சொலிசிட்டர் (கட்சிக்காரர்களிடம் நேரடியாக வழக்கை எடுக்கும் வழக்கறிஞர்) அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது சட்ட உதவியாளராக, இருந்தேன், கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்குவதுதான் பாதி வேலை. இடம் கிடைத்த நேர்காணலில் அவர்கள் இருபது நிமிடம் கேட்டது அந்தக் கோப்புகளைப் பற்றித்தான்.