ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் பாருங்கள்

பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒப்பீட்டுக் குறிகள் ஆறு: ==, !=, <, >, <=, >=. மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். குறிக்கு இருபுறமும் என்ன நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் வரத்தான் நாளாகும். என் மாலை வகுப்பில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பைத்தான் 3-ஐத் திறந்து, கூடவே தட்டச்சு செய்யுங்கள். மதிப்பைப் போட்டு வைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும்.

மதிப்பெண் = 35
மதிப்பெண் >= 35

முதல் வரி மதிப்பைப் போட்டு வைக்கிறது. இரண்டாவது வரி கேள்வி, விடை ட்ரூ, அதாவது உண்மை; இல்லையென்றால் ஃபால்ஸ். >= இருக்க வேண்டிய இடத்தில் > போட்டால், பத்தாம் வகுப்பில் சரியாக 35 வாங்கிய பிள்ளை ஃபெயில்! எந்த நிபந்தனை எழுதினாலும் எல்லையை ஒட்டிச் சோதியுங்கள்: 34, 35, 36. 70-ஐக் கொடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது, இரண்டு குறிக்கும் அது ஒரே விடைதான் தரும்.

நிபந்தனை எழுதும் இஃப் வரியில் ஒற்றை = போட்டால் பைத்தான் சிண்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய முறை தவறு என்று சொல்லி நின்றுவிடும். சி மொழி நிற்காது. 2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிரலின் ஒரு பிரதியில் யாரோ இரண்டு வரி நுழைத்திருந்தார்கள். பயனர் எண்ணை 0 உடன் ஒப்பிடுவது போலத் தோன்றிய இடத்தில் இருந்தது ஒற்றை =; அது ஒப்பிடாது, எண்ணையே 0 ஆக்கிவிடும். 0 என்றால் ரூட், முழு அதிகாரம். மூலப் பிரதியோடு பொருந்தாததால் பிடிபட்டது.

வரம்பு பார்க்க 35 <= மதிப்பெண் <= 100 என்று பைத்தானில் அப்படியே எழுதலாம். சி-யில் இதே வரி எப்போதும் உண்மையாகிவிடும்: முதல் பாதியின் விடை 0 அல்லது 1, இரண்டுமே 100-க்குள் அடங்கும்.

இன்புட் மூலம் பயனரிடம் வாங்கும் எதுவும் எண் கிடையாது, எழுத்துச் சரம். "100" < "35" என்று கேளுங்கள்; ட்ரூ என்கிறது, ஏனென்றால் முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கிறது. "35" >= 35 என்றால் டைப் எரர் வரும், அது நமக்கு நல்லது. "35" == 35 சத்தமில்லாமல் ஃபால்ஸ் தரும்; அதைத்தான் தேடி அலைவோம். வாங்கிய கையோடு இன்ட் போட்டு எண்ணாக்கிவிடுங்கள்.

தசமம் வந்தால் == வேண்டாம். 0.1 + 0.2 == 0.3 என்பதற்கு விடை ஃபால்ஸ், கூட்டுத்தொகை 0.30000000000000004. பணக் கணக்கை முழு எண்ணாகப் பைசாவில் வையுங்கள். மற்றதற்கு, ஏறக்குறைய சமமா என்று பார்க்கும் இஸ்குளோஸ் மேத் மாட்யூலில் இருக்கிறது.

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு இடத்தில் கவனிக்க வேண்டும். 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் "கொடி"தான், ஆனால் == ஃபால்ஸ் என்கிறது. யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸைக் கொண்டு இருபுறத்தையும் ஒரே வடிவமாக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

அடுத்தது வரிசை. "மனம்" < "மலர்" என்பதற்கு ட்ரூ வரும். நம் அகராதியில் மலர்தான் முன்னால், ன கடைசி மெய். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு அட்டவணையிலோ ன, ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. < பார்ப்பது அந்த எண்ணை மட்டும். பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் அடுக்க வேண்டுமானால் அ முதல் ன வரை நம் வரிசையை ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் அதிலுள்ள இடத்தை ஒப்பிடச் சொல்லுங்கள்.