கோட்டைப் பூங்காவில் கதிர்க்குருவி பார்ப்பது எப்படி?

பங்குனி பிறந்தால் வேலூரில் எல்லாரும் வெயிலைப் பற்றித்தான் பேசுவோம். பனிக்காலம் முழுக்க நம்மோடு இருந்த மாங்குயிலும் பழுப்புக் கீச்சானும் பூச்சி தின்னும் சின்னக் கதிர்க்குருவிகளும் வடக்கே கிளம்புவதும் இந்த நாட்களில்தான். சித்திரையில் ஒவ்வொன்றாகக் குறைந்துவிடும். அதனால் இந்த வாரமே தொடங்குங்கள்.

பைனாகுலர்: 8×42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம். 10 மடங்கு வேண்டவே வேண்டாம். கை ஆட்டம் அதில் அதிகம் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். கேமராவை வீட்டிலேயே வையுங்கள்.

மரம்: காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போய், பூத்த வேம்பு அல்லது புங்க மரத்தடியில் நில்லுங்கள். பூவுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குக் குருவி வரும். பூங்காவைச் சுற்றி நடப்பதைவிட ஒரே மரத்தடியில் கால் மணி நேரம் நிற்பது மேல்.

காது: இதுதான் முக்கியம். பச்சைக் கதிர்க்குருவி சுமார் 8 கிராம்தான் இருக்கும், இலை நிறத்திலேயே இருக்கும். கண்ணால் தேடினால் கிடைக்காது. உச்சிக்கிளையிலிருந்து "சி-வீட்" என்று இரண்டு அசையில் கூப்பிடும். தாழ்ந்த புதருக்குள்ளிருந்து "டக்... டக்..." என்று கேட்டால் அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் என்ற கைப்பேசிச் செயலி பெயரை எடுத்துக் கொடுக்கும், ஆனால் கண்ணால் பார்க்காமல் அதை நம்பி, பார்த்த பறவைகளின் பட்டியலில் எழுதாதீர்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுக் குருவியை வரவழைக்கவும் கூடாது. இமயமலைக்கும் அதைத் தாண்டியும் பறக்கப்போகிற உயிர் அது, இரை தேடும் நேரத்தை நாம் பறிக்கக் கூடாது.

தூக்கும் முறை: குரல் வந்த கிளையில் ஏதாவது அசையும். பார்வையை அங்கிருந்து எடுக்காமல், தலையைக் குனியாமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். கீழே பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கிளை தொலைந்துவிடும். வீட்டு மாடியிலிருந்து தென்னை மட்டையைக் குறிவைத்துப் பழகுங்கள். கண்ணுக்கு மேல் வெளிர்ப் புருவக்கோடும் இறக்கையில் மெல்லிய ஒற்றைப் பட்டையும் தெரிந்தால் பச்சைக் கதிர்க்குருவிதான்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் தையல்சிட்டைப் பார்த்துவிட்டுக் கதிர்க்குருவி என்று எழுதியிருந்தார்கள். தையல்சிட்டுக்கு உச்சந்தலை செம்பழுப்பு, வால் நிமிர்ந்திருக்கும், வருடம் முழுக்க இங்கேயே இருக்கும்.

கண்ணாடி அணிந்தவர்களுக்குக் காட்சியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிகிறதாம். கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிடுங்கள். பிறகு வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடப்பக்கத்தையும், இடக்கண்ணை மூடி வலக்குழல் வளையத்தால் வலப்பக்கத்தையும் தெளிவாக்குங்கள். வலக்குழல் வளையத்தை அதன்பின் தொட வேண்டியதில்லை.