ஃபோல்டே பண்ணாதவர்களோடு போக்கர்: முதல் ஒரு மணி நேரத்தில் தவிர்க்க வேண்டியவை

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்தபிறகு, எங்கள் வட்டத்தில் போக்கர் செல்போனை விட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. மாதக் கடைசி சனிக்கிழமை வேளச்சேரியில் நண்பர் ஃப்ளாட்டில் டோர்னமென்ட். பணம் கிடையாது. முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு பிரியாணி இலவசம், பில்லை மற்றவர்கள் பங்கு போட வேண்டும். ஆளுக்கு 10,000 சிப், பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் சிப்) 50–100-ல் தொடக்கம், லெவலுக்கு லெவல் ஏறும்.

புதிதாக வருகிறவர்கள் முதல் லெவலிலேயே கவிழ்வதைப் பார்க்கச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. பாதி, நாங்கள் ஆடித் தீர்த்த பழைய தவறுகள்தான். கண்ட சீட்டையெல்லாம் ஆடாதே, கோபத்தில் ஆடாதே என்பதை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை.

எதிரே இருப்பது ரம்மி ஆடி வளர்ந்த கை

பதிமூன்று சீட்டு ரம்மியில் முதலிலேயே டிராப் சொன்னாலும் 20 பாயின்ட் போகும், நடுவில் சொன்னால் 40. அதனால் டிராப் என்றாலே நம்மாட்களுக்கு வலிக்கும். போக்கரில் பிளைண்ட் போடாத இடத்தில் உட்கார்ந்திருந்தால், சீட்டைக் கவிழ்த்து வைக்க, அதாவது ஃபோல்ட் பண்ண, ஒரு சிப்கூடச் செலவில்லை. இருந்தும் பழக்கம் விடுமா? கையில் வரும் இரண்டு சீட்டும் ஒரே நிறத்தில் ஏழும் நாலுமாக இருந்தால் போதும், சீக்வென்ஸ் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஃப்ளாப் (எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) பார்க்க வந்துவிடுவார்கள். இவர்களைத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். இவர்கள் ஃபோல்ட் பண்ணுவார்கள் என்று நம்பி எதையும் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

பெரிய சீட்டுக்குச் சின்ன விலை

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்கு இரண்டு ஏஸ் வந்தது. அவனுக்கு முன்னால் நான்கு பேர் விலையை ஏற்றாமல் நூறு நூறு மட்டும் போட்டு, அதாவது லிம்ப் பண்ணி, உள்ளே வந்திருந்தார்கள். அவன் 250 என்றான். அந்த நால்வரும் கால் (அதே தொகையைப் போட்டு வருவது), பெரிய பிளைண்டான நூறைப் போட்ட பிக் பிளைண்டும் கால். ஃப்ளாப்பில் ஒன்பது, ஏழு, நாலு. தம்பி 500 போட்டான், டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) 1,500 போட்டான், ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) மிச்சம் எல்லாவற்றையும் தள்ளினான். எதிரே திறந்த சீட்டு, கிளாவர் ஏழும் கிளாவர் நாலும்; ஃப்ளாப்போடு சேர்த்தால் இரண்டு ஜோடி.

“ரெண்டும் ஒரே கலர் மச்சி, எப்படி விடறது?” என்றார் ஜெயித்தவர்.

“என் லக்கே இப்படித்தான்ணே” என்றான் தம்பி. ஏன் 250 என்று கேட்டேன். “பெருசாப் போட்டா எல்லாரும் ஓடிடுவாங்களே!”

இதில் லக் எங்கே வந்தது? இரண்டு ஏஸ் ஒருவருக்கு எதிராக என்றால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். இருவர் என்றால் 73. ஏதோ ஒரு சீட்டோடு ஐந்து பேர் உள்ளே வந்துவிட்டால் பாதிகூடத் தேறாது, 49. அந்த ஐந்து பேரையும் இன்னொரு 150 சிப்புக்கு உள்ளே விட்டது அவனேதான்.

இதைவிட மோசமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஃப்ளாப் வரும்போது பாட்டில் (எல்லோரும் நடுவில் போட்ட மொத்தச் சிப்) 1,550, அவன் கையில் 9,750. பாட்டைப் போல ஆறு மடங்கு சிப் வெளியே நிற்கிறது, எதிரே ஐந்து பேர், கையில் ஒற்றை ஜோடி. அந்த 9,750-ம் உள்ளே போகும் நேரத்தில் எதிராளியிடம் பெரும்பாலும் ஒற்றை ஜோடியைவிடப் பெரியதுதான் இருக்கும்.

சரியான விலை? பிளைண்டைப் போல மூன்று மடங்கு, லிம்ப் பண்ணிய ஒவ்வொருவருக்கும் இன்னொரு பிளைண்ட். இங்கே அது 700. எங்கள் மேஜை மாதிரி இடத்தில் 800, 900 என்று தயங்காமல் போடுங்கள். இவர்கள் தங்கள் சீட்டைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்ப்பதில்லை. 250-க்கு வந்தவரில் இருவராவது 800-க்கும் வருவார்கள். அப்போது பாட்டில் 2,750, கையில் 9,200. ஃப்ளாப்பில் 2,000 போட்டு ஒருவர் வந்தால் பாட் 6,750, கையில் 7,200. டர்னில் மிச்சத்தைத் தள்ள எந்தச் சாமர்த்தியமும் தேவையில்லை. எல்லோருமே ஓடிவிட்டாலும் 550 சிப் சும்மா வந்தது, யாரும் அழ வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். ஏஸுக்கு 900, ஏஸ்–கிங்குக்கு 500 என்று மாற்றி மாற்றிப் போடாதீர்கள். எத்தனை பேர் லிம்ப் பண்ணியிருக்கிறார்கள் என்பதை வைத்தே விலை. மேஜையில் கவனமான ஆள் ஒருவராவது இருப்பார்.

ப்ளஃப் (ஒன்றுமில்லாமல் போட்டு மிரட்டுவது)

வேண்டாம்.

சின்ன ஜோடிக்குப் பெரிய விலை

மூன்றும் மூன்றும், ஐந்தும் ஐந்தும் மாதிரி ஜோடிகளோடு மலிவாக உள்ளே போகலாம். அதே சீட்டு ஃப்ளாப்பில் மூன்றாவதாக வருவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவை. வராவிட்டால் கவிழ்த்துவிடுங்கள். வந்தால் பதுங்காமல் போடுங்கள், எப்படியும் கால் பண்ணுவார்கள்.

சும்மா கால் மட்டும் பண்ணிவந்தவர் ரிவரில் ரெய்ஸ் பண்ணி விலையை ஏற்றினால்

நம்புங்கள். ஜோடியைத் தூக்கிப் போடுங்கள்.

டபுள் ஆகும் அவசரம்

மூன்று பேருக்கும் ஒரே பரிசுதான். முதல் லெவலில் 20,000 ஆக்கிவிட்டால் இரண்டு பிரியாணி வராது. இருந்த 10,000 போனால் பில்லில் பங்கு நிச்சயம். இதைத் தெரிந்துகொண்டே ஏஸ்–கிங்கைப் பார்த்ததும் நூறு பிளைண்டையும் தள்ளுகிறார்கள். இருப்பதிலேயே சின்ன ஜோடி, அதாவது இரண்டும் இரண்டும், எதிரே இருந்தாலும் அந்த ஏஸ்–கிங் ஒரு மயிரிழை பின்தங்கியே நிற்கும். ஃப்ளாப்பில் ஏஸோ கிங்கோ வருவதும் மூன்றில் ஒரு தடவைதான். மேலே சொன்ன விலையில் ரெய்ஸ் பண்ணுங்கள், பட்டால் போடுங்கள், படாமல் மூன்று பேர் கூட இருந்தால் விட்டுவிடுங்கள். பிளைண்ட் 400–800-ஐத் தாண்டி, கையில் பத்துப் பன்னிரண்டு பிளைண்ட் மட்டும் மிஞ்சும்போது அதே ஏஸ்–கிங்கோடு யோசிக்காமல் எல்லாவற்றையும் தள்ளி ஆல்-இன் போடலாம்.